கண்புரை: முதுமையில் மங்கும் பார்வையும் அறுவைச் சிகிச்சையும்

மூத்தோர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "வயசானா அப்படித்தான்." முழங்கால் வலிக்கும், காது மந்தத்துக்கும், மறதிக்கும், பார்வை மங்குவதற்கும் இந்த ஒரே விடையைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பேச்சு முழுப் பொய்யில்லை. ஆனால், முதுமையோடு வந்து நிலைத்துவிடுபவை வேறு, முதுமையோடு வந்தாலும் சரிசெய்யத் தக்கவை வேறு என்பதை அது மறைத்துவிடுகிறது. கண்புரை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. உலகில் பார்வையிழப்புக்கான முதன்மைக் காரணமும் அதுதான், பெரும்பாலும் ஓர் எளிய அறுவைச் சிகிச்சையால் தீர்வதும் அதுதான்.

என் தாயார் 68 வயதில் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினார். கேட்டபோது, இப்போதெல்லாம் அரிசி சுத்தமாகவே வருகிறது என்றார். சில மாதம் கழித்து, விளக்கு வைத்த பிறகு கோயிலுக்குப் போவதை விட்டார். கூட்டம் அதிகம் என்றார். பிறகு வார இதழ்களைத் தொடுவதில்லை. படிக்கும்படி ஒன்றும் இல்லை என்றார். மூன்று காரணங்களும் நம்பும்படியாகவே இருந்தன. மூன்றுக்கும் அடியில் இருந்தது கண்புரை என்பது எங்களுக்கு விளங்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அவர் எதையும் வேண்டுமென்று மறைக்கவில்லை. பார்வை மிக மெல்லக் குறையும்போது மனிதர்கள் அதைக் குறைவாக உணர்வதில்லை; குறைந்த பார்வைக்குள் அடங்கும் அளவுக்குத் தங்கள் அன்றாடத்தைச் சுருக்கிக்கொள்கிறார்கள். கண்புரையைப் பற்றி ஒரு குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

புரை எங்கே உண்டாகிறது

கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் கண்மணி உண்மையில் ஒரு துளை. அந்தத் துளைக்குப் பின்னால், மெல்லிய பை ஒன்றுக்குள், 9 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு லென்ஸ் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளியை விழித்திரையில் குவிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இரத்தக் குழாய் ஏதும் அதற்குள் ஓடுவதில்லை. அதிலுள்ள புரதங்கள் மிக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அது கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது. ஆனால் தோலும் இரத்தமும் தம்மைப் புதுப்பித்துக்கொள்வதுபோல் லென்ஸின் நடுப்பகுதி புதுப்பித்துக்கொள்வதில்லை. கருவில் இருக்கும்போது அங்கே உருவான புரதங்களே எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே இருக்கின்றன. அத்தனை ஆண்டு ஒளியும் உடலின் வேதி மாற்றங்களும் அவற்றைச் சிறிது சிறிதாகச் சிதைக்க, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. தெளிந்த முட்டை வெண்கரு சூடு பட்டதும் வெளுத்துப்போவதை நினைத்துக்கொண்டால், தன்மை மாறிய புரதம் எப்படி ஒளியை மறைக்கிறது என்பது விளங்கும். இந்த மங்கலுக்குத்தான் கண்புரை என்று பெயர்.

ஆகவே புரை என்பது கண்ணின் மேல் படரும் தோல் அன்று. 'புரை உரிப்பது' என்னும் வழக்கு அப்படி ஒரு எண்ணத்தைப் பலரிடம் விதைத்திருக்கிறது. வெள்ளை விழியிலிருந்து கருவிழிமீது சதை வளர்வது வேறு நோய். காயத்தாலோ புண்ணாலோ கருவிழியில் வெள்ளைத் தழும்பு உண்டாகி, 'பூ விழுந்துவிட்டது' என்று சொல்லப்படுவதும் வேறு. நாற்பதைத் தாண்டியதும் எழுத்தை எட்டப் பிடித்துப் படிக்க வைக்கும் சாளேசரமும் புரை அன்று. அது லென்ஸ் விறைத்துப்போவதால் வருவது, கண்ணாடி அணிந்தால் போதும். புரை வந்த கண்ணுக்கு எந்தக் கண்ணாடியும் நெடுநாள் ஒத்துவராது.

புரையின் அறிகுறிகள் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. லென்ஸின் நடுப்பகுதி மஞ்சளித்துப் பழுப்பேறும்போது தூரத்துப் பார்வை மங்குகிறது, நீலமும் வெள்ளையும் நிறம் மாறித் தெரிகின்றன. பிரெஞ்சு ஓவியர் கிளோட் மொனே 1912-இல் தமக்குக் கண்புரை இருப்பதை அறிந்தார். அதன் பிறகு அவருடைய ஓவியங்கள் செம்மையும் பழுப்பும் மிகுந்து மாறியதையும், 1923-இல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டபின் எல்லாம் நீலமாகத் தெரிவதாக அவர் வருந்தியதையும் கண் மருத்துவர்கள் இன்றும் எடுத்துச் சொல்வதுண்டு. இந்த வகைப் புரையில் இன்னொரு விந்தையும் நேர்கிறது. லென்ஸ் கெட்டிப்படுவதால் கிட்டப்பார்வை உண்டாகி, அதுவரை படிக்கக் கண்ணாடி தேடிய முதியவர் திடீரென்று கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கத் தொடங்குவார். பார்வை திரும்பிவிட்டது என்று வீடே மகிழும். அது புரை வளர்வதன் அடையாளம். சில மாதங்களில் அந்தச் சலுகையும் போய்விடும்.

லென்ஸின் ஓரத்திலிருந்து ஆரக்கால்கள்போல் வளரும் புரை, எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சிதறடித்துக் கண்ணைக் கூச வைக்கும். லென்ஸின் பின்பக்கத்தில் படரும் புரை உச்சிவெயிலில்தான் மிகுதியாகத் தொல்லை தரும். சர்க்கரை நோயாளிகளிடமும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ நெடுங்காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களிடமும் இது விரைவாக வளரும். முதுமை, சர்க்கரை, ஸ்டீராய்டு, புகைப் பழக்கம், பல ஆண்டு வெயிலில் உழைப்பது, கண்ணில் பட்ட பழைய அடி ஆகியவை எல்லாமே புரையை வரவழைக்கும் அல்லது விரைவுபடுத்தும்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு என்று கண்ணில் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இவற்றால் புரை கரையாது என்பதோடு, கருவிழியில் கிருமி தொற்றிப் புண்ணாகவும் கூடும். புரையால் போன பார்வையை மீட்கலாம், கருவிழிப் புண்ணால் போன பார்வையை மீட்பது கடினம்.

புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா

'புரை நன்றாக முற்றட்டும்' என்று காத்திருப்பதற்கு முன்பு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்து முறையில் லென்ஸை முழுதாக வெளியே எடுத்தார்கள். முற்றிய புரையை எடுப்பது எளிது. எடுத்த இடத்தில் எதையும் வைக்க வழியில்லாததால், தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிய வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் தெரியாது, அணிந்தாலோ எல்லாம் பெரிதாகி நெளியும். இவ்வளவு தொல்லைக்கு உட்படுவதற்கு, பார்வை அறவே போகும்வரை பொறுத்திருப்பது நியாயமாகத் தோன்றியது.

அந்த நியாயத்தை உடைத்தது செயற்கை லென்ஸ். இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் மேற்கூரை உடைந்து சிதறிய பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துணுக்குகள் சில விமானிகளின் கண்ணுக்குள் தங்கிவிட்டபோதும், கண் அவற்றைப் பகையாக எதிர்க்காமல் இருந்ததை இங்கிலாந்தின் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அந்தப் பொருளாலேயே ஒரு லென்ஸைச் செய்வித்து, 1949 நவம்பரில் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணில் முதன்முதலாகப் பொருத்தினார். சக மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னாளில் அவருக்கும் புரை வந்தபோது அவர் கண்ணிலும் அத்தகைய லென்ஸே பொருத்தப்பட்டது. 1967-இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் பல்லின் காரையை நீக்கப் பயன்படுத்திய மீயொலிக் கருவியைப் பார்த்து, புரையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் 'ஃபேக்கோ' முறையை உருவாக்கினார். பெரிய வெட்டும் பல தையல்களும் தேவைப்பட்ட அறுவைச் சிகிச்சை, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளையில் முடியும்படி ஆனது இவ்வாறுதான்.

இந்த முன்னேற்றம் எளியவர்களுக்கும் எட்டியதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. மதுரையில், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் அறுவைச் சிகிச்சையைக் கற்றுத் தேர்ந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். செயற்கை லென்ஸை இறக்குமதி செய்யும் செலவு ஏழை நோயாளிகளுக்குத் தடையாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்னும் அமைப்பின் வழியாக அதை மதுரையிலேயே மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கினார்கள். இன்று ஒரு சிற்றூரின் கண் முகாமில் பெயர் கொடுக்கும் பாட்டிக்கும் லென்ஸ் கிடைப்பதற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

ஆகவே இன்றைய விடை இதுதான்: புரை அன்றாட வேலைக்கு இடையூறு ஆகும்போது அறுவைச் சிகிச்சைக்கான நேரம் வந்துவிட்டது. ஓட்டுநருக்கும் தையற்காரருக்கும் அது முன்னதாகவே வரலாம். வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குச் சற்றுத் தள்ளி வரலாம். ஆனால் முற்ற விடுவதில் ஆபத்து உண்டு. முற்றிய லென்ஸ் கல்போல் இறுகி, அறுவையைக் கடினமாக்கும். சிலருக்கு அது ஊதிப் பெருத்தோ, உருகிக் கசிந்தோ கண்ணின் நீர் அழுத்தத்தைத் திடீரென்று உயர்த்தும். கடும் வலி, சிவப்பு, வாந்தி ஆகியவற்றோடு வரும் அந்த நிலையில் பார்வை நரம்பு பாழாகிவிட்டால், பிறகு புரையை எடுத்தும் பயன் குறைவு.

பார்வை மங்கலின் விலை கண்ணோடு நிற்பதுமில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைத் தாண்டிய பெண்களிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், முதல் கண்ணுக்கு விரைவாகப் புரை அறுவை செய்துகொண்டவர்கள் தவறி விழுவது, காத்திருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வீட்டின் வாழ்க்கையே எப்படி மாறிவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும்.

அறுவைச் சிகிச்சை எப்படி நடக்கிறது

முதலில் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, எத்தனை சக்தியுள்ள லென்ஸை வைப்பது என்று கணக்கிடுகிறார்கள். சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, விழித்திரையையும் நீர் அழுத்தத்தையும் பார்க்கிறார்கள். இந்த நேரத்தில் குடும்பத்தார் செய்ய வேண்டிய மிகப் பயனுள்ள வேலை, நோயாளி உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது. புராஸ்டேட் வீக்கத்துக்காக ஆண்கள் பலர் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரை, அறுவையின்போது கண்மணியைச் சுருங்க வைத்து மருத்துவருக்குச் சிக்கல் உண்டாக்கும். முன்கூட்டியே தெரிந்தால் அவர் அதற்கேற்ப ஆயத்தம் செய்துகொள்வார். சிறுநீர் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று பெரியவர்கள் சொல்லாமலே விட்டுவிடுவதால்தான் இதை இங்கே தனியே சொல்கிறேன். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் தாமாக நிறுத்தக்கூடாது. விடாத இருமல் இருந்தாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, காது கேட்கவில்லை என்றாலோ அதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அறுவையின்போது நோயாளி விழித்தபடி, அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

கண் மரத்துப்போவதற்குச் சொட்டு மருந்தோ கண்ணைச் சுற்றி ஓர் ஊசியோ போடப்படுகிறது. பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். லென்ஸைச் சுற்றியுள்ள பையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பு செய்து, உள்ளேயுள்ள புரையை எடுத்துவிட்டு, அதே பைக்குள் புதிய லென்ஸை வைக்கிறார்கள். ஃபேக்கோ முறையில் துளை மிகச் சிறியது என்பதால், மடித்து நுழைக்கக்கூடிய லென்ஸ் உள்ளே போய் விரிகிறது. கருவியின் துணையின்றிக் கையால் புரையை முழுதாக எடுக்கும் முறையில் துளை 6, 7 மில்லிமீட்டர் இருக்கும். அதற்கும் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. கருவி இல்லாத முறை மட்டமானது என்று எண்ண வேண்டியதில்லை. நன்றாக முற்றிய புரைக்குப் பல சமயம் அதுவே பாதுகாப்பானது.

எந்த லென்ஸை வைப்பது என்ற கேள்விதான் குடும்பங்களை மிகவும் குழப்புகிறது. ஒரு தூரத்துக்கு மட்டும் குவியும் சாதாரண லென்ஸே பெரும்பாலோருக்குப் போதும். தூரத்துப் பார்வை தெளிவாக இருக்கும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் குவியும் விலை உயர்ந்த லென்ஸ்கள் கண்ணாடியின் தேவையைக் குறைத்தாலும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றச் செய்யும். விழித்திரை பழுதடைந்த கண்ணுக்கு அவை ஏற்றவையும் அல்ல. கடன் வாங்கி உயர்ந்த லென்ஸை வைத்தால்தான் பெற்றோருக்குச் செய்த கடமை நிறைவேறும் என்று எந்தப் பிள்ளையும் எண்ண வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் சாதாரண லென்ஸோடு அறுவைச் சிகிச்சை இலவசமாகவே செய்யப்படுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

அறுவைக்கு அடுத்த நாள், பலருக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும். வெள்ளை மிக வெள்ளையாகவும் வானம் மிக நீலமாகவும் தெரியும். கண் சற்று உறுத்தும், நீர் வடியும். சொட்டு மருந்துகளை ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம்வரை, மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போட வேண்டும். கை நடுங்கும் முதியவர் தமக்குத் தாமே மருந்து விட்டுக்கொள்வது கடினம். குப்பியின் முனை கண்ணிலோ இமையிலோ பட்டுவிட்டால் கிருமி தொற்றும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய ஒருவர் மருந்து விடுவதும், எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவதும் நல்லது. கண்ணைக் கசக்கக்கூடாது. இரவில் தூக்கத்தில் கை படாமல் இருக்கப் பிளாஸ்டிக் மறைப்பை ஒட்டிக்கொள்ள வேண்டும். சில வாரங்களுக்குத் தலைக்கு ஊற்றும் நீர் கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறைந்த குடத்தைத் தூக்குவதும், மலச்சிக்கலில் முக்குவதும், அடுப்புப் புகையில் நிற்பதும் ஆகாது.

உணவில் தனிப் பத்தியம் எதுவும் இல்லை. மீன், கத்தரிக்காய், தக்காளி எதுவும் புண்ணைக் கெடுக்காது. சர்க்கரை நோயாளி தம் வழக்கமான கட்டுப்பாட்டைக் காத்தால் போதும். பத்தியம் என்ற பெயரில் கஞ்சியை மட்டும் கொடுத்து, ஏற்கெனவே தளர்ந்த உடலை மேலும் தளர வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மனத்தை வருத்துகிறது.

வலி குறையாமல் கூடினாலோ, சிவப்பு மிகுந்தாலோ, சீழ் வந்தாலோ, முதல் நாள் தெரிந்த பார்வை பிறகு மங்கினாலோ, மின்னல் வெட்டுவதுபோலவும் திரை இறங்குவதுபோலவும் தோன்றினாலோ, அடுத்த வருகை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் கிருமி தொற்றுவது ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. ஆனால் நேர்ந்தால், சில மணி நேரத் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடும்.

சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், 'புரை திரும்பி வந்துவிட்டது' என்று பேசிக்கொள்வார்கள். எடுத்த புரை திரும்பாது. லென்ஸைத் தாங்கியிருக்கும் பையின் பின்சுவர் சிலருக்கு மங்கிவிடுகிறது. யாக் என்னும் லேசர் ஒளிக்கற்றையால் அதில் சிறு திறப்பு செய்வதற்குச் சில நிமிடங்களே ஆகும், கத்தி தேவையில்லை.

அறுவைச் சிகிச்சை என்ன செய்யாது என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அது மங்கிய கண்ணாடியை மாற்றித் தருகிறது, அவ்வளவே. நீர் அழுத்த நோயால் நரம்பு நலிந்திருந்தாலும், சர்க்கரையால் விழித்திரையில் கசிவு இருந்தாலும், முதுமையால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்திருந்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. இதைச் சொல்லாமல் அழைத்துப்போனால், கட்டை அவிழ்த்த அன்று அந்த முதியவர் அடையும் ஏமாற்றம் அவரை வேறு எந்தச் சிகிச்சைக்கும் உடன்படாதபடி செய்துவிடும். அப்படிப்பட்டவருக்கும் செய்ய நிறைய இருக்கிறது: தோளுக்குப் பின்னிருந்து புத்தகத்தில் விழும் நல்ல விளக்கு, படிகளின் விளிம்பில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டை, குளியலறையில் கைப்பிடி, காலை மாலை என்று தனித்தனி அறையுள்ள மாத்திரைப் பெட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்தச் செலவு?" என்று கேட்கும் பெரியவருக்குப் பணத்தைக் காட்டிலும் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமே என்ற கவலையே மிகுதி. அவரிடம் ஆபத்தை எடுத்துச் சொல்லி அச்சுறுத்துவதைவிட, அவர் எதை விட்டுவிட்டார் என்று விசாரிப்பது நல்லது. என் தாயாரிடம் நாங்கள் கோயிலைப் பற்றித்தான் பேசினோம். முதல் கண்ணுக்கு அறுவை முடிந்த மூன்றாம் வாரம் அவர் தாமாகவே முறத்தை எடுத்து உட்கார்ந்தார். அந்த அரிசியில் கல் இருந்தது. இரண்டாவது கண்ணுக்கும் தாமே நாள் குறித்துக்கொண்டு வந்தார். அந்த இரண்டு லென்ஸ்களின் சக்தியும் எண்ணும் ஒட்டிய மருத்துவமனை அட்டைகளை, பிரஷர் மாத்திரைச் சீட்டுகளோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையையும் நீர் அழுத்தத்தையும் பார்க்கப் போகும்போது மருத்துவர் முதலில் கேட்பது அந்த அட்டைகளைத்தான்.